செட்டிநாட்டு வீட்டுக் கணினியும் கடைக் கணினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களில் கணினி மூன்று வகையான இடங்களில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ திறக்கப்படும் பெரிய வீடு ஒன்று. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, பலகாரக் கடை, பழம்பொருள் கடை போன்ற தொழிலிடம் மற்றொன்று. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடு மூன்றாவது. இந்த மூன்று இடத்தாரும் கேட்கும் கேள்விகளுக்கே இங்கு விடை எழுதியிருக்கிறேன். விடைகள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான் அடியில் ஓடுகிறது: இயங்குதளம் (கணினியை இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) கெட்டுப்போனால் ஒரு பிற்பகலில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் தொலைந்த கணக்கையும் குடும்ப ஆவணத்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கள் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது; நன்றாகவே ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதனால் கணினி நின்றுவிடாது. நேற்று ஓடியதைப் போலவே இன்றும் ஓடும், அதனால்தான் பலருக்கும் இதன் கடுமை புரிவதில்லை. அந்த நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் உங்கள் கணினியில் அடைபடுவதில்லை என்பதே இதில் உள்ள ஆபத்து. 2017 மே 12 அன்று உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வானாகிரை’ தாக்குதல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைப் போடாமல் விட்ட கணினிகளும், ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்புகளில் இருந்தவையுமே அதற்கு இரையாகின.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 உங்களிடம் இருந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறும் நீட்டிப்பில் சேரலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை. இதை மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைத்த அவகாசமாக மட்டும் கருதுங்கள். இரண்டாவது, விண்டோஸ் 11-க்கு மாறுவது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு ஓரளவு புதிய செயலியும் தேவை. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. சில கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே ‘உங்கள் கணினி ஏற்றதல்ல’ என்ற செய்தி வந்தவுடன் புதிய கணினிக்குப் பணம் எடுத்து வைக்காமல், அறிந்தவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை என்ன செய்வது? தூக்கி எறிய மனம் வரவில்லை.

எறிய வேண்டியதில்லை. இணையம் பார்ப்பது, மின்னஞ்சல், கடிதம் தட்டுவது, சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசுவது ஆகியவையே வேலை என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போதுமானது. அதன் 22-ஆம் வரிசைப் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் ஓடும். திரையின் அமைப்பும் பழைய விண்டோஸை ஒத்திருப்பதால் பெரியவர்கள் இரண்டொரு நாளில் பழகிக்கொள்கிறார்கள். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், அச்சுப்பொறியும் கேமராவும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு பிறகு முடிவெடுங்கள். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

ஒரு எச்சரிக்கை: டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கடைக் கணக்கு அதில் இருக்குமானால் லினக்ஸுக்கு மாற வேண்டாம்; கடைக்குப் புதிய கணினி வாங்கி, பழையதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இந்த ஏற்பாட்டைப் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் வருந்தவில்லை.

வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும். திருவிழாவுக்கு வந்து கணினியைப் போட்டால் ஒன்றும் சரியாக ஓடுவதில்லை. ஏன்?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி என்று இதைச் சொல்ல வேண்டும். மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடக்கும் கணினியில் முதலில் நின்றுபோவது கடிகாரம். மின் இணைப்பு இல்லாதபோதும் நேரத்தைக் காத்து வைப்பது மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. அது தீர்ந்துவிட்டால், கணினியைப் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால், வங்கித் தளம் உட்பட எல்லாமே ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லும். வைரஸ் புகுந்துவிட்டதென்று பயந்து, கணினியையே அழித்து மறுபடி நிறுவச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைந்த விலையில் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாலே போதும்.

அடுத்தது, தேங்கிப்போன புதுப்பிப்புகள். ஆறு மாதத் திருத்தங்களும் ஒன்றாக இறங்கத் தொடங்கும்போது கணினி மிக மெதுவாக நகரும். பொறுமையிழந்து மின்விசையை அணைத்தால் பாதியில் நின்ற புதுப்பிப்பு இயங்குதளத்தையே கெடுத்துவிடக்கூடும். ஆகவே விருந்தினர் வருவதற்கு ஒரு நாள் முன்னதாகக் கணினியைப் போட்டு, இணையத்தில் இணைத்து, புதுப்பிப்பை ஓடவிட்டு, மறுதொடக்கம் செய்து, மீண்டும் புதுப்பிப்பைத் தேடச் செய்யுங்கள். ‘புதிதாக எதுவும் இல்லை’ என்று திரை சொல்லும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அது முடிவதற்குள் வங்கித் தளத்துக்குள் போக வேண்டாம், யாருடைய பென்டிரைவையும் செருக வேண்டாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நம்பிக்கையானவராக இருந்தால், மாதம் ஒரு நாள் கணினியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடச் சொல்லலாம். அவருக்கென்று தனியான சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

செல்போன் இணையத்தைத்தான் கணினிக்குக் கொடுக்கிறோம். புதுப்பிப்பு தினசரி டேட்டாவைத் தின்றுவிடுகிறதே?

அந்த இணைப்பின் பண்புகளில் ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்ற தெரிவை இயக்கினால் பெரிய பதிவிறக்கங்களை விண்டோஸ் நிறுத்தி வைக்கும். ஆனால் அப்படியே மறந்துவிடாமல், வாரத்தில் ஒரு நாள் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்துகிறோம். அதில் என்ன தவறு?

விண்டோஸை நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. எதையும் நிறுவவும் எதையும் அழிக்கவும் அதற்கு உரிமை உண்டு. அந்தக் கணக்கில் இருந்தபடி பேரன் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கினால், அதோடு வரும் தீநிரலும் (வைரஸ் போன்ற தீங்கு செய்யும் நிரலும்) அதே உரிமையோடு வீடு முழுவதும் நடமாடும். நம் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று படிப்படியாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் வந்து அமர்பவர் எல்லோரும் பெட்டக அறை வரை போவதில்லை. கணினியிலும் அதே ஒழுங்கு வேண்டும்.

ஆகவே நிர்வாகிக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து, அதன் கடவுச்சொல்லைக் குடும்பத்தில் பொறுப்பானவர் இருவர் அறிந்திருக்கட்டும். வீட்டாருக்கு ஆளுக்கொரு சாதாரணப் பயனர் கணக்கைத் திறந்து கொடுங்கள். நிர்வாகியாக இருப்பவரும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஏதேனும் நிறுவ முயலும்போது கணினி கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கேள்வியே உங்களை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது அது தானாக வந்து கேட்டால், மறுத்துவிடுங்கள். கடையில் கல்லாவை விட்டு எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு ‘எல்’ விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்; இதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? அப்பச்சிக்கு நினைவில் நிற்க வேண்டுமே.

நீளமே முதன்மை. பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த எட்டு எழுத்தைவிட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டி இணைத்தால் பெரியவர்களுக்கு நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் முடியாது. கோயில் பெயர், ஊர்ப் பெயர், வீட்டு விலாசமான குடும்ப முதலெழுத்துகள் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை அவை. தாளில் எழுதி வைக்கக் கூடாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூட்டிய பெட்டகத்துக்குள் இருக்கும் தாளை இணையத் திருடனால் எட்ட முடியாது. திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் தவறு.

தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் ‘தவறு’ என்று வந்தால், உள்நுழையும் திரையின் கீழ் மூலையில் மொழிக் குறி தமிழில் நிற்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டினால் திறந்துவிடும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் தனியாக வாங்க வேண்டுமா?

பெரும்பாலானோருக்கு வேண்டியதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபென்டர் இயங்கிக்கொண்டிருந்து, புதுப்பிப்பும் ஒழுங்காக நடந்தால் வீட்டுக்கும் சிறு கடைக்கும் அது போதும். ஆனால் உரிமம் இல்லாத விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்யும் திருட்டு நிரல்கள் பலவும் முதலில் டிஃபென்டரை அணைக்கச் சொல்கின்றன. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைக்கும் வேலை அது. உரிமத்துக்குப் பணம் இல்லையென்றால் லினக்ஸை நிறுவிக்கொள்வது நேர்மையான வழி. பாதுகாப்பான வழியும் அதுவே.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் சிறு அம்புக்குறியோடு தெரிகின்றன. கோப்புகள் போய்விட்டனவா?

போகவில்லை. தீநிரல் உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்திருக்கிறது. அவற்றை அழுத்தினால் கோப்புறை திறப்பதோடு தீநிரலும் ஓடும். அவற்றைத் தொடாமல், டிஃபென்டரைக் கொண்டு பென்டிரைவ் முழுவதையும் சோதியுங்கள். பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி, உங்களுடையவற்றை எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். அச்செடுக்க வேண்டியவற்றுக்கென்று வேறொன்றும் இல்லாத தனிப் பென்டிரைவ் ஒன்றை வைத்துக்கொள்வது எளிய தற்காப்பு.

இதோடு, கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் காட்டும் தெரிவையும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்து வைப்பதால், ‘விலைப்பட்டியல்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்ற நிரல் வெறும் பிடிஎஃப் போலத் தோன்றும். ஆத்தங்குடிக் கல்லுக்கு வெளிமாநிலத்திலிருந்து ஆர்டர் கேட்டு வரும் மின்னஞ்சல்களைத் திறப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

‘மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது’ என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பவே கூடாது. மைக்ரோசாப்ட் யாரையும் தானாக அழைத்து வைரஸ் பற்றிச் சொல்வதில்லை. திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கையும் தொலைபேசி எண்ணும் தோன்றி, ஒலி எழுப்பிப் பயமுறுத்துவதும் இந்த மோசடிக்காரர்களின் வேலைதான்; அது உலாவியில் திறந்த ஒரு பக்கம் மட்டுமே. ஆல்ட் விசையோடு எஃப்4 விசையை அழுத்தி மூடுங்கள். மூடவில்லையென்றால் கணினியை அணைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து திரையை இயக்கும் எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவச் சொல்லும் எவரிடமும் தொடர்ந்து பேச வேண்டாம். நிறுவிய கணமே உங்கள் கணினியின் கட்டுப்பாடு அவரிடம் போய்விடுகிறது.

தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைத்தே இந்த அழைப்புகள் வருகின்றன என்பதால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதை ஒரு முறை அல்ல, பல முறை சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு உடனே 1930 என்ற தேசிய எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஏமாந்ததை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு நாள் கழிப்பதே பெரிய இழப்பாகிவிடுகிறது. அப்படிக் கழித்தவரைக் கடிந்துகொள்ளாமல், அருகில் இருந்து அழைக்க உதவுங்கள்.

காப்புநகல் எப்படி எடுப்பது? ஐயா காலத்து ஆவணங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், மொய் ஏடு, பேரேடு, பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், முன்னோர் படங்கள் ஆகியவற்றைக் குடும்பங்கள் இப்போது ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கின்றன. மிக நல்ல பணி. ஆனால் அவை அனைத்தும் ஒரே கணினியின் ஒரே வட்டில் கிடந்தால், கரையானிடமிருந்து காப்பாற்றி வட்டுக் கோளாறிடம் ஒப்படைத்ததாகத்தான் முடியும். என் உறவினர் வீட்டில் இது நடந்தது. கணினி மெதுவாக ஓடுகிறதென்று பழுதுபார்க்கக் கொடுத்தார்கள்; ‘எதையும் அழிக்க வேண்டாம்’ என்று சொல்ல மறந்தார்கள்; திரும்பி வந்தபோது இயங்குதளம் புத்தம்புதிதாக இருந்தது, மூன்று தலைமுறைப் படங்கள் இல்லை. அன்று அந்த வீட்டு ஆச்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது எங்கும் சொல்லப்படும் நெறி. கணினியில் இருப்பது ஒன்று. வெளிவட்டு ஒன்றில் வாரந்தோறும் எடுப்பது இரண்டாவது. விண்டோஸில் உள்ள கோப்பு வரலாறு என்ற வசதி இதைத் தானாகச் செய்யும். எடுத்து முடித்ததும் அந்த வட்டைக் கழற்றிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் கோப்புகளைப் பூட்டும் தீநிரல் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா வட்டுகளையும் சேர்த்தே பூட்டும். மூன்றாவது நகல் வேறு ஊரில், சென்னையில் மகன் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்திலிருந்து கடைப் பொறுப்பாளரான மேலாள் கணக்கின் விவரத்தை ஊருக்கு அனுப்பி வைத்த வழக்கம் நம்முடையதுதானே. கடல் கடந்த கடையில் என்ன நடந்தாலும் ஊரில் ஒரு பதிவு இருந்தது.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை கோப்புகளை ஒத்திசைப்பவை. நீங்கள் கணினியில் ஒன்றைத் தவறுதலாக அழித்தால் அங்கும் அது அழிந்துவிடும். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கச் சில நாள் அவகாசம் இருக்கும், அவ்வளவே. ஆகவே அவற்றை மட்டும் நம்பி வெளிவட்டைக் கைவிடக் கூடாது.

எடுத்த நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை ஆண்டுக்கு இரு முறையாவது வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். டேலி வைத்திருப்பவர்கள் அதன் காப்புநகல் வசதியைக் கொண்டே எடுத்து, அதை மீட்டும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

திடீரென்று நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. என்ன இது?

வட்டு முழுவதும் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டிருப்பதற்கான மீட்புச் சாவி அது. கணினி திருடுபோனாலும் உள்ளிருப்பதை யாரும் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலும் உங்களைக் கேட்காமலேயே இது இயங்கத் தொடங்கிவிடும். பயாஸ் அமைப்பையோ மதர்போர்டையோ மாற்றினால் சாவியைக் கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரராகவோ வேலையை விட்டுப்போன கணக்கராகவோ இருந்தால் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. இன்றே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, அந்த எண்ணைத் தாளில் அச்செடுத்துப் பெட்டகத்தில் வையுங்கள்.

புதிய கணினிக்கு மாற்றியதும் பழைய தமிழ்க் கோப்புகள் புரியாத எழுத்துகளாகத் தெரிகின்றன.

அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டியவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்து வந்து நிறுவினால் உடனே படிக்கலாம். நிலையான தீர்வு, எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு, எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. புதிதாகத் தட்டுபவர்கள் விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி மென்பொருள் தேவையில்லை.

இடி, மின்வெட்டு?

யூ.பி.எஸ். கட்டாயம். மின்சாரம் போனபின் வேலை பார்க்க அல்ல, ஒழுங்காக அணைக்க. அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். லேசர் அச்சுப்பொறியை அதில் செருகக் கூடாது. இடி நெருங்குவதற்கு முன்பே மின்செருகியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறோம். கோப்புகளை அழித்தால் போதுமா?

போதாது. அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள் எளிதில் கிடைக்கிறது. முதலில் காப்புநகல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளில் மீட்பு என்ற பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு வட்டைத் துடைக்கும் தெரிவையும் சேர்த்து இயக்குங்கள். பெரிய வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும், மாலையில் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடலாம். கணினியே இயங்காத நிலையில் இருந்தால் வட்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். கணினியிலிருந்து உலாவி, மின்னஞ்சல், மைக்ரோசாப்ட் கணக்கு எல்லாவற்றிலிருந்தும் வெளியேறியபின், கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியின் பெயரை நீக்கிவிடுங்கள்.